ஏழாம் தொட்டிலின் தாய்

மதியம் இரண்டு மணி பத்து நிமிடம். பதிவேட்டின்படி பதினொரு குழந்தைகள். அறைக்குள் இருந்தவள் சாரதாமணி ஒருத்திதான். திருப்பூருக்கு வடக்கே, அறுநூற்று நாற்பது பேர் வேலை பார்க்கும் ஏற்றுமதி பனியன் கம்பெனியின் தரைத்தளத்தில், ஸ்டோர் ரூமை ஒட்டி இருந்தது அந்தக் குழந்தைகள் காப்பகம். சுவருக்கு மஞ்சளும் நீலமும் பூசியிருந்தது. மேலே கான்கிரீட்டில் அடித்த கொக்கிகளில் பதினொரு துணித் தொட்டில்கள் தொங்கின. ஒன்றிலும் குழந்தை இல்லை. திறந்து ஒன்றேகால் வருடம், முதல் வாரத்து நாலு நாளைத் தவிர இல்லை. ஆனாலும் தொட்டில்கள் ஆடின. மாடியில் இருநூற்றுச் சொச்சம் தையல் மெஷின்கள் ஓடும் நடுக்கம் கொக்கி வழியாக இறங்கி, யாரோ இப்போதுதான் தள்ளிவிட்டுப் போனதுபோல, பதினொன்றையும் விரற்கடை அகலத்துக்கு ஆட்டிக்கொண்டே இருந்தது. பழகிவிட்டது என்று சாரதாமணி எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். பழகவில்லை. முதுகு காட்டி உட்கார்ந்தால் கழுத்துக்குப் பின்னால் பதினொரு துணி அசைவது தெரியும், எதிரே பார்த்து உட்கார்ந்தால் கண் எண்ணத் தொடங்கிவிடும், ஒன்று இரண்டு மூன்று, எண்ணினால் ஏழில் நிற்கும், அதனால் பக்கவாட்டில் நாற்காலியைப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து எழுதுகிறேன், எழுது, எழுதி முடித்தால்தான் மூணு மணிக்கு மேனேஜர் வந்து என் லீவு பாரத்தில் கையெழுத்துப் போடுவார், போட்டால் மூணேகாலுக்குப் பஸ், நாலுக்குள் வீடு. நாலுக்குள் வீட்டில் இருக்க வேண்டும். பாப்புவுக்குக் காய்ச்சல் நாலு மணிக்குத்தான் ஏறுகிறது. இன்று நாலாவது நாள். ஒன்றாம் எண் குழந்தை, பத்து மணி, பால் 120 மில்லி. இரண்டாம் எண், பத்து பத்து, பால் குடிக்க மறுத்தான், பிறகு குடித்தான். இந்த மாதிரி ஒன்றிரண்டு மறுத்தான்களைச் சேர்க்க நானாகத்தான் கற்றுக்கொண்டேன். எல்லாக் குழந்தையும் எல்லா நாளும் பால் குடித்தால் யார் நம்புவார்கள்.

நம்ப வேண்டியவர் நாளைக்கு வருகிறார். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆடிட்டர், பெங்களூரிலிருந்து, போன ஆகஸ்டில் வந்த அதே அம்மாள். அந்த அம்மாள் கெட்டிக்காரி. இந்த அறைக்குள் வந்ததும் முதலில் மூச்சை இழுத்து மோந்து பார்த்தாள். அதற்கு முதல் நாளே ஞானசுந்தரம் சார் சொல்லிவிட்டார், எச்.ஆர். மேனேஜர் அல்லவா, எல்லாம் யோசிப்பார்: "சாரதாமணிம்மா, ரூம்ல பெயிண்ட் வாசம்தான் அடிக்குது. புள்ளைங்க இருக்கிற வாசம் இல்லை. பவுடரைக் கொஞ்சம் தூவிவிடுங்க." தூவினேன். கொடியில் போடச் சுத்தமான நாப்கின்களையே நனைத்துப் பிழிந்து காயப்போட்டேன். பொம்மைகளை வெளியே சிமெண்டுத் தரையில் வைத்துத் தேய்த்தேன், யானையின் தும்பிக்கையும் காரின் சக்கரமும் மங்கும் வரை. பக்கத்து லைன் வீடுகளிலிருந்து வடக்கத்திப் பிள்ளைகள் ஒன்பது பேரை வேனில் கூட்டி வந்து பிஸ்கட் கொடுத்து உட்கார வைத்தார்கள், எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தன, என்ன சொல்லி வைத்திருந்தார்களோ. எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் அந்த அம்மாள் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஏன் சார், ஒரு வருஷத்துல ஒரு குழந்தைக்குக்கூட ஒரு நாள்கூட உடம்புக்கு வரலையா?" சார் சிரித்தார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. போனபிறகு என்னைக் கூப்பிட்டார். "உடம்புக்கு வர வைங்கம்மா. உங்களுக்குத் தெரியாததா, நீங்களும் பெத்தவங்கதானே. சளி, வயித்தாலே, அப்புறம் ஒரு குழந்தைக்காச்சும் கொஞ்சம் பெரிசா. அவங்கம்மா லீவு எடுத்த மாதிரியும் காட்டணும். நம்ம பாலிஸி இருக்கில்ல, அது நடக்குதுன்னு தெரியணும்." அந்தப் பாலிஸி கண்ணாடிச் சட்டம் போட்டு என் தலைக்கு மேலே தொங்குகிறது, தமிழிலும் இந்தியிலும் இங்கிலீஷிலும். ஒரு வெள்ளைக்காரக் குழந்தை சிரிக்கிறது. 'உங்கள் குழந்தைக்கு உடல்நலம் சரியில்லையா? வீட்டுக்குச் செல்லுங்கள். ஆண்டுக்கு ஆறு நாள் சம்பளத்துடன் விடுப்பு உண்டு.' நான் காலையில் எட்டரைக்கு அந்தப் பாரத்தைத்தான் நிரப்பிக் கொண்டுபோய் நீட்டினேன். அவர் அதை மறுக்கவில்லை. அவர் எதையும் மறுக்கிற ஆள் இல்லை. "நாளைக்கு ஆடிட்டை வச்சுக்கிட்டு இன்னிக்குக் கேட்டா நான் என்னம்மா பண்றது, நீங்களே சொல்லுங்க. நீங்க ரெஜிஸ்டரை முடிங்க. மூணு மணிக்கு நானே வந்து சைன் பண்றேன்." பாரம் அவர் மேசையில் கண்ணாடி உருண்டைக்கு அடியில் இருக்கிறது. கேட் பாஸ் இல்லாமல் ஆறரைக்கு முன்னால் கேட் திறக்காது. போனை காலையிலேயே கேட்டில் வாங்கிப் பலகைப் பெட்டியில் போட்டு டோக்கன் கொடுத்துவிடுகிறார்கள், சாப்பாட்டு வேளையில் மட்டும் எடுத்துப் பேசலாம். ஒன்றேகாலுக்குப் பேசினேன். பக்கத்து வீட்டு ருக்மணியக்கா எடுத்தாள். கஞ்சி குடிச்சுது கண்ணு, மருந்து குடுத்தேன், தூங்குது என்றாள். வைக்கப் போனவள் மறுபடி, "ஏங்கண்ணு, நாலு மணிக்கு வந்துருவேன்னு சொல்லிட்டா போன? அம்மா நாலு மணிக்கு வந்துருவாங்க, நாலு மணிக்கு வந்துருவாங்கன்னு சொல்லிக்கிட்டேதான் தூங்குச்சு" என்றாள்.

நான் சொல்லவில்லை. காலையில் கிளம்பும்போது பாப்பு தூங்கிக்கொண்டிருந்தாள், நெற்றியில் கை வைக்காமல்தான் கிளம்பினேன், வைத்தால் எழுந்துவிடுவாள், எழுந்தால் விடமாட்டாள். அவளுக்கு மணி பார்க்கத் தெரியாது. நாலு என்பது அவளுக்கு விரல். கட்டை விரலை மடக்கிக்கொண்டு, எனக்கு நாலரை வயசு என்று நாலு விரலைக் காட்டி, அந்த அரைக்குச் சுண்டு விரலை ஒருமுறை ஆட்டுவாள். யாரோ சொல்லியிருக்க வேண்டும். ருக்மணியக்காவே சொல்லித் தூங்க வைத்துவிட்டு மறந்திருக்கலாம். அவளுக்கும் மறதி அதிகம். பாப்புவின் அப்பா போன் செய்திருக்கலாம், ஆனால் அவர் லாரியோடு நாக்பூர் பக்கம் இருக்கிறார், நேற்றிலிருந்து லைனே கிடைக்கவில்லை. நாலு மணி என்று இந்த உலகத்தில் ஓரிடத்தில்தான் எழுதியிருக்கிறது. எனக்கு வலது பக்கத்தில், மூடி வைத்த வருகை, உடல்நலப் பதிவேட்டுக்குள், நானே எழுதியது. எழுதியது போன சனிக்கிழமை, பதினேழாம் தேதி. இந்த வாரம் முழுவதையும் அன்றைக்கே முன்கூட்டி எழுதிவிட்டேன். அதுதான் இங்கே வழக்கம், வருகிற வாரத்தைப் போகிற சனிக்கிழமை எழுதி வைத்துவிட்டால் நடுவில் யார் வந்து கேட்டாலும் எடுத்துக் காட்டலாம். இப்போது பால், தூக்க நோட்டில் விட்டுப்போனதை மட்டும் நிரப்புகிறேன். மூன்றாம் எண், பதினொன்றரை, தூக்கம். நான்காம் எண், தூக்கம். ஐந்து, தூக்கம். இவர்கள் எப்போதும் தூங்குகிறார்கள்.

ஏழாம் எண்ணுக்குப் பெயர் வைத்தவளும் நான்தான். பதினொன்றுக்கும் நான்தான். மற்றதெல்லாம் ரேஷன் கடை வரிசையிலும் கல்யாணப் பத்திரிகையிலும் பார்த்த பெயர்கள். ஏழுக்கு மட்டும் தேன்மொழி. என் மகளுக்கு வைக்க நினைத்தது. மாமனார் ஜோசியரிடம் போய் ஹ எழுத்தில்தான் வைக்க வேண்டும் என்று கேட்டு வந்துவிட்டார், அதனால் ஹர்ஷிதா, அந்தப் பெயரில் யாரும் கூப்பிடவில்லை, பாப்பு. தேன்மொழி மீதமாகக் கிடந்தது. அதை எடுத்து ஏழில் வைத்தேன். வயது இப்போது நாலரை என்று போட்டிருக்கிறேன். பிறந்த நாளும் பாப்புவுடையதுதான், வேறு தேதி யோசிக்க அன்று அலுப்பாக இருந்தது. தாயின் பெயர் எழுதும் இடத்தில் மகுடேஸ்வரி, வேலையாள் டோக்கன் எண் 418. மகுடேஸ்வரி நிஜம். சார்தான் சொன்னார், "வேலையை விட்டுப் போனவங்க நம்பரைப் போடுங்க, யாராச்சும் பார்க்கணும்னு கேட்டா லீவுன்னு சொல்லிக்கலாம், 418 சிஸ்டத்துல இன்னும் இருக்கு." இந்த அறையில் உண்மையாக அழுத ஒரே குழந்தை மகுடேஸ்வரியின் பையன்தான். ஒன்பது மாதம். காப்பகம் திறந்த முதல் வாரம், நாலு நாள் கொண்டு வந்தாள். கம்பெனி பஸ்ஸில் குழந்தையை ஏற்றமாட்டோம், இன்சூரன்ஸ் கிடையாது என்றார்கள், அதனால் ஒன்பது கிலோமீட்டர் ஷேர் ஆட்டோவில் வந்தாள். வேறு யாருக்கும் அந்தத் துணிச்சல் இல்லை. ஏழாம் தொட்டிலில் போட்டோம். பால் கொடுக்க இரண்டு முறை மாடியிலிருந்து இறங்கி வருவாள், பதினைந்து நிமிடம். இரண்டாவது நாள் சூப்பர்வைசர் லைன் போர்டில் அவள் பெயரைச் சிவப்பில் எழுதி, பக்கத்தில் எத்தனை பீஸ் குறைந்தது என்று போட்டான். மூன்றாவது நாள் அந்த லைனுக்கே டார்கெட் தவறிப் போனது, கூட இருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். நாலாவது நாள் பால் கொடுக்க வரவில்லை. பையன் அழுதான். நான் தூக்கிக்கொண்டு இந்த அறையைச் சுற்றிச் சுற்றி வந்தேன், சுவர்க் கடிகாரத்தைக் காட்டினேன், யானையைக் காட்டினேன். ஆறரைக்கு வந்தாள். மாரெல்லாம் நனைந்திருந்தது. பையனை வாங்கிக்கொண்டு போனாள். ஐந்தாவது நாள் இல்லை. எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியாது, கேட்கவும் இல்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து பதிவேட்டில் ஒரு நாள் தவறாமல் வந்துகொண்டிருக்கிறாள். மாடியில் தைக்கிறாள். பத்தரைக்கும் இரண்டரைக்கும் இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போகிறாள். இப்போது மணி இரண்டு இருபத்தொன்பது. படிக்கட்டில் யாரும் வரவில்லை. வரமாட்டார்கள் என்று தெரிந்தும் கதவைப் பார்த்துவிட்டேன்.

காய்ச்சலை நான் கற்பனை செய்யவில்லை. கற்பனைக்கு எங்கே நேரம். பாப்புவுக்கு இரண்டு வயதில் வந்த காய்ச்சலை அப்படியே எடுத்து வைத்தேன், அந்த எண்கள் எனக்கு மனப்பாடம். முதல் நாள் 100.4. இரண்டாம் நாள் 101.6. மூன்றாம் நாள் 102.8. நாலாம் நாள் மாலை நாலு மணிக்கு 104, கை கால் இழுத்தது. அன்றைக்கு நான் மாடியில் செக்கிங் மேசையில் நின்று நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன். நாலு மணிக்கு இழுத்தது எனக்கு ஆறரைக்குத்தான் தெரியும், கேட்டில் போனை வாங்கியபோது. குழந்தையின் பல்லுக்கு நடுவே ஸ்பூனைக் கொடுத்து யாரோ வாயெல்லாம் கிழித்து வைத்திருந்தார்கள். ஸ்பூன் கொடுக்கக் கூடாதாம், ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டுமாம், டாக்டர் திட்டினார், "நீங்க எங்கம்மா போயிருந்தீங்க?" போன சனிக்கிழமை அந்த எண்களையே தேன்மொழிக்கு எழுதினேன். திங்கள் 100.4. செவ்வாய் 101.6. புதன் 102.8. வியாழன் பக்கத்தில் மட்டும் நடந்ததை எழுதாமல் வேறு எழுதினேன். 'மாலை 4.00. வெப்பநிலை 104. கை கால் இழுப்பு. தாய்க்குத் தகவல் தெரிவிக்கப்பட்டது. தாய் உடனே வந்து குழந்தையை எடுத்துச் சென்றார். சம்பளத்துடன் விடுப்பு வழங்கப்பட்டது.' உடனே என்ற சொல்லை எழுதியபோது கை கொஞ்சம் நின்றது நினைவிருக்கிறது. நன்றாக எழுதியிருக்கீங்கம்மா என்று சார் படித்துப் பார்த்துச் சொன்னார், மகுடேஸ்வரியின் விடுப்புப் பாரத்திலும் ரோஸ் நிறக் கேட் பாஸிலும் அப்போதே கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து, காப்பக ஃபைலில் செருகச் சொன்னார். அவள் கேட்கவே இல்லை. கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது பாப்பு உடம்பு சுட்டது. காப்பகத்து தர்மாமீட்டரைச் சாப்பாட்டுப் பையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன், ஏன் எடுத்துப் போனேன், அன்று காலையில் அவளுக்கு ஒன்றும் இல்லையே. பேட்டரிக்கு முன்னால் இருந்த பிளாஸ்டிக் நாக்கைக்கூட அதுவரை யாரும் உருவவில்லை. உருவி அக்குளில் வைத்தேன். 100.4. சிரித்தேன் என்று நினைக்கிறேன். செவ்வாய்க்கிழமை 101.6. சிரிக்கவில்லை. நேற்று வைத்துப் பார்க்கவே இல்லை. ஈரத்துணி போட்டுக்கொண்டே இருந்தேன், தர்மாமீட்டர் அலமாரியில் இருந்தது, எடுக்கவில்லை, எடுத்துப் பார்த்தால்தான் அது 102.8 ஆகும் என்று இருந்தது. பார்க்காதவரை எதுவாகவும் இருக்கலாம். டாக்டர் வைரல் என்றார், ஊரெல்லாம் இருக்கிறது என்றார். ஊரெல்லாம் இருப்பதுதான். தீபாவளிக்கு ஊருக்குப் போய் வந்தவர்கள் பாதிப் பேர் இருமுகிறார்கள். ஒரே குழந்தைக்கு ஒரே மாதிரிக் காய்ச்சல் ஏறுவதில் என்ன அதிசயம், அவள் உடம்பின் வழக்கம் அது. "முன்னாடி ஜன்னி வந்த குழந்தை, நாலாவது நாள் பக்கத்துலயே இருங்க" என்றார். பக்கத்திலேயே என்றால் ருக்மணியக்காவா.

மூணு மணி. மூணு இரண்டு. இன்டர்காமை எடுத்து ஆபீசைக் கேட்டேன். ரிசப்ஷனில் இருக்கும் பெண், எப்போதும் எதையோ மென்றுகொண்டே பேசும், "சார் ஆடிட்டரை ரிசீவ் பண்ண கோயமுத்தூர் ஏர்போர்ட் போயிருக்காருங்கக்கா. பிளைட் லேட்டாம். வர அஞ்சாயிரும்" என்றது. என் பாரம் என்றேன். "பாரம் டேபிள் மேலதான் இருக்குதுங்க, பத்திரமா இருக்குது" என்றது. பத்திரமாக இருக்கிறது. நான் பத்திரமாகப் பதிவேட்டைத் திறந்தேன். வியாழன் பக்கத்தைப் பார்க்காமல் வெள்ளிக்குத் தள்ளினேன். வெள்ளி, நாளைக்கு. பத்து வரி நிரம்பியிருக்கிறது. ஏழாவது வரி மட்டும் காலி. சனிக்கிழமை எழுதிக்கொண்டு வந்தவள் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுக் கீழே போயிருக்கிறேன். ஏன் விட்டேன் என்று யோசித்தால், ஒன்றுமில்லை, பிறகு எழுதலாம் என்று தாண்டியிருப்பேன், அதற்குள் ஆறரை பெல் அடித்திருக்கும், பஸ்ஸுக்கு ஓடியிருப்பேன். அல்லது ஜன்னிக்கு மறுநாள் என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்டிருப்பேன். வந்தாளா, வரவில்லையா, வரவில்லை என்றால் ஏன். கட்டத்துக்குள் வெறும் வெள்ளை. பதினொரு வரியில் ஒரு வரி வெள்ளை. அதைப் பார்க்கப் பார்க்க அந்த வெள்ளை மற்ற வரிகளைவிட முன்னால் துருத்திக்கொண்டு வருகிறது, மேல்வரியும் கீழ்வரியும் சேர்ந்து அதைச் சுமக்கின்றன. வியாழனை அடித்துவிட்டால் என்ன. நாலு மணி, இழுப்பு, இரண்டையும் அடித்து, சாதாரணக் காய்ச்சல், இறங்கியது. ஆனால் அடித்தல் திருத்தல் கூடாது, வெள்ளை மை கூடாது, பக்கம் கிழிக்கக் கூடாது, பக்கங்களுக்கு வரிசை எண் அச்சடித்திருக்கிறது. அந்தச் சட்டத்தை மீறினால் முதலில் என் வேலை போகும். வேலை போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவர் லாரி மாதத்தில் பத்து நாள்தான் ஓடுகிறது. வேலையை ஒருமுறை இழந்தவள்தான் நான். பாப்பு வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது முன்பிருந்த கம்பெனியில் கூப்பிட்டு, லீவெல்லாம் கான்ட்ராக்ட்காரங்களுக்குக் கிடையாது, கணக்கை முடிச்சுக்கிட்டுப் போயிட்டு ஆறு மாசம் கழிச்சுப் புது ஆளா வாங்க என்றார்கள். என் டோக்கன் 233. போனேன். வந்தேன். இவங்க புதுசு என்று என்னையே ஒரு பெண் எனக்கு அறிமுகப்படுத்தி வைத்தாள், நான் இரண்டு வருடம் உட்கார்ந்த மேசை அது. 233 எங்கே போனாள் என்று அங்கேயும் யாரும் கேட்கவில்லை. இங்கே 702. எனக்கு எண்கள் மாறுகின்றன, மகுடேஸ்வரிக்கு மட்டும் ஒரே எண்.

மூன்றரைக்கு டீ பெல் அடித்தது. மாடியில் மெஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. இந்த நேரம் எனக்குப் பிடிக்கும், இருபது நிமிடம் அறை உண்மையாகவே காலியாக இருக்கும், தொட்டில்கள் மெல்ல மெல்ல அடங்கி, பதினொன்றும் நேராகத் தொங்கும். பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தாலும் தெரிந்தது. திரும்பினேன். பத்து நேராகத் தொங்கின. ஏழாவது ஆடிக்கொண்டிருந்தது. ஸ்டீம் பைப் அந்தப் பக்கச் சுவரில்தான் போகிறது, பாய்லர் ஓடினால் அந்தக் கொக்கி மட்டும் நடுங்கும், இதை முன்பே பார்த்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். முன்பு பார்த்ததில்லை. பாய்லர் ஓடினால் இரைச்சல் கேட்கும். இரைச்சல் இல்லை. மாடியில் யாரோ நாற்காலி இழுத்தார்கள், டம்ளர் விழுந்தது, ஒரு பெண் சிரித்தாள், எல்லாம் கேட்டது, பாய்லர் கேட்கவில்லை. எழுந்து போய்த் துணியில் கையை வைத்தேன். நின்றது. உள்ளே பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும், நான்தானே காலையில் உதறி விரித்தேன். கை வைத்த இடத்தில் துணி வெதுவெதுப்பாக இருந்தது. ஜன்னல் வெயில் மூன்றரைக்கு அந்தப் பக்கம் வரும். வரும்தான். இப்போது வெயில் தரையில் பாதி தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. கையை எடுத்தேன், முகர்ந்தேன், பவுடர். இந்தப் பவுடரைத்தான் நான் தூவினேன். உடனே என்று எழுதினேனே, யாரை நினைத்து எழுதினேன். மகுடேஸ்வரியை இல்லை. மகுடேஸ்வரி நாலாவது நாள் வரவில்லை. நானும் அன்றைக்கு வரவில்லை. வராத இரண்டு பேரையும் சேர்த்து ஒருத்தியை வரவழைத்தேன், மாடியில் மெஷினை அப்படியே விட்டுவிட்டு, யாரையும் கேட்காமல், படி இறங்கி வருகிறவள். நாலு மணிக்கு அவள் வந்தாக வேண்டும். எழுதியிருக்கிறது. இழுப்பும் எழுதியிருக்கிறது, அவள் வருவதும் எழுதியிருக்கிறது, அடித்தல் திருத்தல் கூடாது. இழுப்பு மட்டும் வந்து அவள் வராமல் போனால்.

மூன்று நாற்பத்தேழு. அலமாரியிலிருந்து காப்பக ஃபைலை எடுத்தேன். ரோஸ் நிறப் பாஸ் பின் குத்தாமல் சும்மா செருகியிருந்தது. எண் 418. காரணம்: குழந்தைக்குக் காய்ச்சல். வெளியேறும் நேரம் 4.00. நாள் 22.11.2018. ஞானசுந்தரம் சாரின் கையெழுத்து, வால் நீண்டது. உருவினேன். மேசைக்கு வந்து நின்றபடியே வெள்ளிப் பக்கத்தைத் திறந்து ஏழாம் வரியில் எழுதினேன். 'வருகை உண்டு. 98.4. காய்ச்சல் இல்லை. விளையாடினாள்.' கையெழுத்து என்னுடையது மாதிரியே இருந்தது. மெஷின்கள் மறுபடி ஓடத் தொடங்கின, தொட்டில்கள் எல்லாம் ஒன்றாக ஆடின, ஏழாவது எது என்று தனியாகத் தெரியவில்லை. கதவைச் சாத்தினேன். பூட்டவில்லை, யாராவது உள்ளே இருந்தால். யாரும் இல்லை. பூட்டவில்லை. லோடிங் மேடையைத் தாண்டி, அட்டைப் பெட்டிகளைத் தாண்டி, நடையா ஓட்டமா என்று தெரியாத வேகத்தில் போனேன். கேட்டில் மாரிச்சாமி அண்ணன் வெந்நீர் ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். பாஸை வாங்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தினமும் காலையில் என் போனை வாங்கிப் போடுகிறவர். "ஏனம்மிணி, உனக்குப் பேரு மாறிப் போச்சா?" ஆமாங்கண்ணா என்றேன். "418ன்னு ஒருத்தி இருந்தா. கைப்புள்ளைய வச்சுக்கிட்டு இந்த வழியாத்தான் போனா. மழை அன்னிக்கு." பாஸைத் திருப்பிப் பார்த்தார். "சீலு இருக்குது, சைன் இருக்குது. எனக்கு அதுதான் வேணும். புள்ளைக்கு என்ன?" காய்ச்சலுங்கண்ணா. "அப்ப எதுக்கு நின்னு கதை பேசிக்கிட்டிருக்கிற?" கேட் நோட்டை இழுத்து எழுதினார், 418, வெளியே, மூன்று ஐம்பத்தாறு. டோக்கனைக் கொடுத்தேன், அதில் 702 என்றிருந்தது, அவர் அதைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனை எடுத்துக் கொடுத்தார். ஏழு மிஸ்டு கால். ஏழும் ருக்மணியக்கா. கடைசியானது இரண்டு நிமிடத்துக்கு முன்னால். சின்னக் கதவு திறந்தது, வெளியே வெயில் அடித்தது, ஒரு ஆட்டோ நின்றிருந்தது, யாரையோ இறக்கிவிட்டுத் திரும்புவதற்காக. ஏறினேன். திரும்பிப் பார்த்தேன். காலையில் எட்டு இருபதுக்கு உள்ளே வந்த 702 இன்னும் வெளியே வரவில்லை, நோட்டில் அப்படித்தான் இருக்கும், சுவரைப் பார்த்து உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பாள். எங்கேங்கக்கா போகணும் என்றான் ஆட்டோக்காரன். சொன்னேன். நாலு மணிக்குள்ள என்றேன். போன் எட்டாவது முறையாக அடிக்கத் தொடங்கியது.

அன்று மாலை நான்கு நாற்பதுக்கு ஹர்ஷிதாவுக்கு ஜன்னி கண்டது. அப்போது அவள் தாயின் மடியில் ஒருக்களித்தபடி, அதே ஆட்டோவில், அரசு மருத்துவமனை வாசலில் இருந்தாள். ஐந்தாம் நாள் வீடு திரும்பினாள். சாரதாமணி அதன்பிறகு வேலைக்குப் போகவில்லை. கம்பெனியிலிருந்து யாரும் கூப்பிடவும் இல்லை. 2019 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு அவள் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் வரிசையில் நின்றிருந்தாள். அதே நேரத்தில் கம்பெனியில் அடுத்த தணிக்கை நடந்தது. காப்பகப் பதிவேட்டின்படி பதினொரு குழந்தைகளும் வந்திருந்தார்கள். ஏழாம் எண், தேன்மொழி, வயது நாலரை, வெப்பநிலை 98.4. பொறுப்பாளர் சாரதாமணி, டோக்கன் 702. வருகை உண்டு.